பங்குக் கிணறும் கடல்வழி மின்சாரமும்

மின்சாரம் கடலைத் தாண்டி வரும் என்று நாங்கள் நம்பிய காலத்தில், அதை வாங்குவதற்கு இங்கே ஆள் உண்டா என்று எண்ணிப் பார்ப்பது என் வேலையாக இருந்தது.

அப்போது நான் மதராசில் பௌதிகம் படித்து முடித்துக் கொக்குவிலுக்குத் திரும்பியிருந்தேன். பெண்கள் பாடசாலையில் இடம் காலியாகும்வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாமென்று ஐயா என்னை ஓர் எஞ்சினியரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஐயா என்று நான் சொல்வது என் தகப்பனாரை. அவர் பள்ளிக்கூட வாத்தியார். எஞ்சினியர் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர். மலாயாவில் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் நிலையமொன்றில் வேலை பார்த்துவிட்டுப் பென்சனோடு வந்து, ரயில் பாதைக்குப் பக்கத்தில் மதில் கட்டிய வளவு ஒன்றில் தனியே இருந்தார்.

"பொம்பிளைப் பிள்ளை கணக்குச் செய்யுமோ?" என்று ஐயாவைக் கேட்டார்.

"உம்மளைவிடச் செய்யும். நீர் அந்த நாளிலை என்ரை சிலேட்டைப் பாத்து எழுதினனீர். இவள் ஒருத்தற்றையும் பாக்கிறேல்லை."

எஞ்சினியர் சிரித்துவிட்டார். அடுத்த நாளே நான் வேலைக்குப் போகத் தொடங்கினேன்.

திட்டம் நகரத்து வியாபாரிகள் சிலர் சேர்ந்து அமைத்த ஒரு சங்கத்தினுடையது. மதராஸ் மாகாணத்தில் அணைக்கட்டு நீரிலிருந்து எடுத்த மின்சாரம் தஞ்சாவூர்ப் பக்கம்வரை வந்திருந்தது. அதைக் கோடிக்கரைவரை இழுத்து, அங்கிருந்து கடலடிக் கேபிளில் கொண்டுவந்து, வல்வெட்டித்துறைக்கு அருகே கரையேற்றி, பிறகு கம்பங்களில் கொக்குவில் வழியாக நகரத்துக்குச் சேர்ப்பது. தெற்கே மலைநாட்டில் எடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த மின்சாரம் எங்களை எட்டப் பல வருஷங்கள் செல்லும் என்று எல்லோருக்கும் தெரியும். கடலுக்கு அப்பால் இருந்தது அதைவிடக் கிட்ட.

எதையும் வரிசைப்படுத்தி எழுதாவிட்டால் எனக்கு விளங்காது. முதல் வாரமே எழுதிக்கொண்டேன். கடல்: ஆழம் குறைவு, நல்லது. கடலடி: நடுவில் சேறு, நல்லது, கரையோரம் முருகைக்கல், அதாவது பவளப்பாறை, கேபிளை அராவும், கெட்டது. காற்று: வாடை தொடங்கினால் வேலை நடக்காது. ராச்சியம்: இரண்டும் ஒரே முடிக்குக் கீழே, ஆனால் சர்க்கார் இரண்டு, சுங்கம் இரண்டு. மின்சாரத்துக்குச் சுங்கம் உண்டா? கேட்க வேண்டும். கேட்டோம். கொழும்பில் யாருக்கும் தெரியவில்லை.

வாங்குபவர் யார் என்ற வரிக்கு எதிரே இடம் விட்டிருந்தேன். மதராஸ் பக்கத்து அதிகாரிகளும் அதையேதான் கேட்டார்கள். நகரத்தில் எண்ணெய் இஞ்சின் ஓட்டிச் சில வீதிகளுக்கு வெளிச்சம் கொடுத்தார்கள். அதற்கு மேல் அரிசி ஆலைகள், அச்சுக்கூடங்கள், ஆஸ்பத்திரி, படம் காட்டும் கொட்டகை. ஆலையும் அச்சுக்கூடமும் பகலில் இழுப்பது கொஞ்சம், மற்றதெல்லாம் பொழுதுபட்ட பிறகு எரியும் விளக்குகள். சுருட்டுக் கொட்டில்களுக்குக் கைதான் வேண்டும், கரண்டு வேண்டாம். கடலடிக் கேபிளோ நீளமானது. வாங்குபவர் இல்லாவிட்டாலும் அது தன் பங்குக்கு ஒரு அளவு மின்சாரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னேரத்தில் மட்டும் விளக்கெரிக்கும் ஊருக்காக அதைக் கடலில் போட ஒருவரும் முன்வரமாட்டார்கள். பகலில் ஓடும் வேலை ஒன்று வேண்டும்.

"பகலிலை இஞ்சை என்ன நடக்குது?" என்று எஞ்சினியர் ஒரு நாள் கேட்டார்.

"இறைப்பு," என்றேன்.

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு சில மாதங்கள் வேலிகளுக்கு நடுவே ஓடும் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்து கிணறுகளை எண்ணினேன்.

ஆறு இல்லாத ஊர் எங்களுடையது. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் கிணற்று நீரில்தான் விளைகின்றன. கிணற்றடி ஏற்றமரமான துலாவின்மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் நீர் மொள்ளும் பட்டையைப் பிடித்துச் சரிக்க, தண்ணீர் வாய்க்காலில் ஓடும். விடியப் பனியில் ஏறியவர்கள் பொழுதுபடத்தான் இறங்குவார்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பம்பு பூட்டினால் கடலடிக் கேபிளுக்குப் பகல் முழுவதும் வேலை கிடைக்கும். கணக்கு அவ்வளவு நேராக இருந்தது.

என் அக்காவின் கிணறு அந்த எண்ணிக்கையில் ஒன்று. அம்மா காலமான பின் அம்மாவின் ஊர்க் காணி அக்காவுக்குப் போனது. வல்வெட்டித்துறையிலிருந்து உள்ளே மாட்டுவண்டிப் பாதையில் போக வேண்டும். அக்காவுக்குக் காணி, எனக்குப் படிப்பு. இரண்டும் சீதனந்தான், ஒன்றுக்கு உறுதிப் பத்திரம் எழுதலாம், மற்றதுக்கு எழுத முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று ஐயா சொல்வார். அக்காவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அந்தத் தோட்டத்தைத் தவிர அவர்களுக்குக் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை. தோட்டத்தின் பெறுமதி முழுவதும் கிணற்றில் இருந்தது. அந்தக் குறிச்சியில் அவ்வளவு நல்ல தண்ணீர் வேறெங்கும் இல்லை என்பார்கள்.

கிணறு மூன்று பங்கு. ஒன்று அக்காவுடையது, ஒன்று அம்மாவின் தம்பியான அம்மானுடையது, மற்றது பெரியம்மாவின் மகனான அண்ணையுடையது. மூவரின் தோட்டங்களும் அதைச் சுற்றியே இருந்தன. இறைப்பு முறை வைத்து நடந்தது. ஒரு நாள் பொழுது எழும்பினதிலிருந்து பொழுது படும்வரை ஒருவர் முறை. அடுத்த நாள் அடுத்தவர். அதற்கடுத்த நாள் மூன்றாமவர். இது வாய்ப்பேச்சு அல்ல, மூன்று உறுதிகளிலும் எழுதியிருந்தது.

முந்தின வருஷம் துலா மிதித்த ஒருவர் பனியில் கால் வழுக்கி விழுந்து இறந்துபோனார். அதன் பிறகு அக்காவின் புருஷனான அத்தானுக்கு ஆள் கிடைக்கவில்லை. தானே மிதித்தார், அக்கா பட்டை பிடித்தாள். எஞ்சினியரும் நானும் கம்பங்கள் போகும் பாதையைப் பார்க்கப் போயிருந்த அன்று, அத்தான் துலாவிலிருந்து இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"சேர், உந்தக் கரண்டு வர எவ்வளவு காலம் செல்லும்?"

"அந்தப் பக்கத்துக்காறர் ஓமெண்டால் கெதியா வரும். அவைக்கு ஒரு கிணறு எவ்வளவு இழுக்குமெண்டு காட்டவேணும். எண்ணெய் இஞ்சின் ஒண்டைப் பூட்டி ஒரு போகம் ஓட்டிப் பாத்தால் கணக்கு வந்திடும்."

"இஞ்சை பூட்டுங்கோ."

"மற்ற ரெண்டு பேரையும் கேக்காமல் எப்பிடிப் பூட்டுறது?" என்றாள் அக்கா.

அம்மானை வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார்கள். அவர் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வந்தார்.

"இஞ்சின் ஆற்றை?"

"சங்கத்தின்ரை."

"எண்ணெய்?"

"அதுவும் சங்கத்தின்ரை."

"பிறகென்னத்துக்கு என்னை வெய்யிலுக்குள்ளை கூப்பிட்டனியள்?"

தை மாதம் இஞ்சின் லொறியில் வந்து இறங்கியது. புகையிலைக் கன்றுகள் வேர் பிடித்து எழும்பியிருந்த நேரம். கிணற்றுக் கட்டில் மரச்சட்டம் அடித்துப் பம்பைப் பூட்டினார்கள். துலாவைக் கழற்றி வேலியோரம் சாத்தினார்கள். முதல் நாள் அக்காவின் முறை. இரண்டு பேர் பகல் முழுவதும் மிதித்து இறைக்கும் தண்ணீரை அந்த இஞ்சின் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே இறைத்துவிட்டது. பாத்திகள் நிறைந்ததும் அத்தான் அதை நிறுத்தினார். அக்காவின் பிள்ளைகள் ஓடிப்போய் வாய்க்காலில் கால் நனைத்தார்கள். அத்தான் வரம்பில் குந்தியிருந்து தன் முழங்காலைத் தடவிக்கொண்டே சிரித்தார். எல்லோரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த நாள் அம்மானின் முறை. அவருடைய தோட்டமும் காலையிலேயே நனைந்து முடிந்தது. அவர் இஞ்சினை நிறுத்தவில்லை. கிணற்றில் பங்கில்லாத அயலவர்களின் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீரைத் திருப்பினார். பிறகு, பனை வடலிகளை வெட்டித் துப்புரவாக்கியிருந்த மேட்டுக் காணிக்குத் திருப்பினார். மூன்றாம் நாள் அண்ணையும் அப்படியே செய்தார். அதன் பிறகு அத்தானும்.

"உங்களுக்குக் காணுந்தானே அத்தான்?" என்றேன்.

"காணும். நான் நிப்பாட்டினால் மிச்சத்தை நாளைக்கு உவைதான் அள்ளுவினம். நான் மட்டும் ஏன் விடுறது?"

சனிக்கிழமைகளில் பஸ்ஸில் போய் இஞ்சின் ஓடிய நேரத்தையும் குடித்த எண்ணெயையும் கிணற்று நீர்மட்டத்தையும் குறித்துக்கொண்டு வருவேன். திங்கட்கிழமை எஞ்சினியர் அதை வாங்கிப் பார்த்து மேசையில் தட்டுவார்.

"பகல் முழுக்க! ஒரே சீரா! இப்பிடி இழுக்கிற ஊருக்குக் கேபிள் போடாமல் வேறை எங்கை போடுறது?"

அவர் சொன்னது சரி. மின்சார நிலையம் நடத்துபவர்கள் ஆசைப்படுவது அப்படியான சுமைக்குத்தான். ஏறாமல் இறங்காமல் காலையிலிருந்து மாலைவரை.

மாசி மாதத்தில் ஒரு நாள் அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "பருப்பு வேகுதில்லையடி," என்றாள். "எவ்வளவு நேரம் எரிச்சாலும் கல்லுப்போலை கிடக்குது. சவுக்காரமும் நுரைக்குதில்லை."

நான் எழுந்து தோட்டத்துக்குப் போனேன். புகையிலையின் அடி இலைகளில் ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தது. வெங்காயத் தாளின் நுனிகளும் அப்படியே. கிணற்று நீரை வாயில் விட்டுப் பார்த்தேன். உவர்ப்பா இல்லையா என்று நாக்கால் தீர்மானிக்க முடியவில்லை. ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு வந்து, நான் படித்த மிஷன் பாடசாலையின் விஞ்ஞான அறையில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விட்டேன். நல்ல தண்ணீரில் அது இலேசாக மங்கும். இது பால் விட்டது போல வெளுத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு போத்தல் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் முந்தினதைவிட அதிகமாக வெளுத்தது.

காரணம் விளங்கக் கஷ்டமில்லை. எங்கள் நிலம் சுண்ணக்கல். அதற்குள் மாரி மழையின் நன்னீர் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. மேலிருப்பதை மெதுவாக எடுத்தால் பக்கத்திலிருந்து நன்னீர் வந்து சேரும். வேகமாக எடுத்தால் கீழிருந்து கடல் ஏறும். துலாவால் அவ்வளவு வேகமாக எடுக்க முடியாது. அதனால் பொழுது எழும்பினதிலிருந்து பொழுது படும்வரை என்று எழுதியவர்களுக்கு அதில் ஒரு ஆபத்தும் தெரியவில்லை. உறுதியில் இருந்தது நேரம். தண்ணீரின் அளவு எந்த உறுதியிலும் இல்லை.

மூன்று பங்காளிகளையும் கிணற்றடிக்கு வரச் சொன்னேன். முறைகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் பாத்தி நிறைந்ததும் இஞ்சினை நிறுத்திவிட வேண்டும் என்றேன். அம்மான் என்னை முடிக்க விடவில்லை.

"எடி பிள்ளை, என்ரை உறுதியிலை என்ன கிடக்கெண்டு தெரியுமோ?"

"தெரியும் அம்மான். பொழுது படுமட்டும்."

"பிறகு? என்ரை முறையை மத்தியானத்தோடை விட்டிட்டு நான் வீட்டை போய் படுக்க, உவன் பத்து வருஷத்தாலை கோட்டிலை ஏறி நிண்டு, அம்மானுக்கு அரை நாள்தான் ஆட்சி எண்டு சொல்லுவான்."

"நான் ஏன் சொல்லுறன்?" என்றார் அண்ணை.

"கொப்பர் சொன்னவர். வேலிக் கதியாலுக்காக என்னைக் கோட்டுக்கு இழுத்தவர். நீ அவற்றை பிள்ளைதானே?"

"செத்த மனிசனை ஏன் இழுக்கிறியள்? நீங்கள் மட்டும் திறமே? உங்கடை முறையிலை தண்ணி ஒழுங்கை தாண்டி ஆற்றை வெங்காயத்துக்குப் போகுதெண்டு ஊருக்கே தெரியும்."

"என்ரை முறைத் தண்ணி. நான் கடலுக்கை ஊத்துவன். உனக்கென்ன?"

"கடல்தான் இப்ப கிணத்துக்கை வருகுது அம்மான்," என்றேன்.

"கொக்குவில் படிப்பு," என்று அம்மான் அத்தானைப் பார்த்துச் சொன்னார். "போத்தலுக்கை மருந்தை விட்டிட்டு வெள்ளையா வருகுதெண்டு பயப்பிடுத்துறாள். இஞ்சினைக் கொண்டந்தது ஆர்? இவளின்ரை ஆக்கள். இப்ப நிப்பாட்டு எண்டுறதும் இவள்."

அத்தான் இஞ்சின் பக்கம் திரும்பினார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"நீங்கள் நிப்பாட்டுங்கோவன் முதலிலை," என்றாள் அவரிடம்.

"உவை ரெண்டு பேரும் நிப்பாட்டினால் நானும் நிப்பாட்டுவன்."

மற்ற இருவரும் தனித்தனியே அதையேதான் சொன்னார்கள். மூவரும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் தொடங்கினால் சம்மதம். ஆனால் ஒரு நாளைக்கு ஒருவர் முறைதான். முதலில் விடுகிறவர் யார் என்பதில் வந்து நின்றது. அன்றைய முறை அண்ணையுடையது. பேச்சு நடந்துகொண்டிருந்தபோதும் இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை எஞ்சினியரிடம் சொன்னேன். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். உப்பைப் பற்றி ஒரு சந்தேகமும் எழுப்பவில்லை.

"பாத்தி நிறைஞ்சதும் நிப்பாட்டினால் ஒரு கிணறு எவ்வளவு இழுக்கும்?"

நான் கணக்கைச் செய்து, எண்ணிய கிணறுகள் எல்லாவற்றுக்கும் பெருக்கிக் காட்டினேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"கேபிள் தனக்கெண்டு உறிஞ்சிறதுக்கே உது காணாது பிள்ளை."

"ஓம் சேர்."

"அப்ப உண்மையைச் சொன்னால் கேபிள் இல்லை. சொல்லாமல் விட்டால் கேபிள் வரும், கிணறு போகும்."

"ஓம் சேர். எல்லாக் கிணறும்."

"எல்லாக் கிணறும் எண்டு இன்னும் தெரியாது."

"அக்காவின்ரை கிணறு தெரியும். இஞ்சினைக் கழட்டுங்கோ சேர். இப்ப கழட்டினால் தப்பும்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. எழுந்து யன்னலடிக்குப் போய் நின்றார். மதராஸ் பக்கத்திலிருந்து ஆட்கள் பங்குனியில் பார்க்க வருகிறார்கள், சங்கத் தலைவர் எல்லா ஒழுங்கும் செய்துவிட்டார், இப்போது இஞ்சினைக் கழற்றினால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது என்றார். அவர்கள் வந்து போன மறுநாளே கழற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். "ஒரு மாதந்தானே பிள்ளை," என்றார்.

ஊருக்குப் போய் அத்தானிடம், நீங்களாவது நிறுத்துங்கள் என்று இன்னொரு முறை கேட்டேன். அவர் தன் முறையில் இரண்டு தடவை பாத்தி நிறைந்ததோடு நிறுத்தினார். இரண்டு தடவையும் அடுத்த நாள் அம்மான் ஒழுங்கையில் நின்று, அத்தான் தன் அரை நாளை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று எல்லோருக்கும் சொன்னார். மூன்றாவது தடவை அத்தான் நிறுத்தவில்லை. அக்கா குடிதண்ணீருக்கு அயல் வளவுக் கிணற்றுக்குக் குடத்தோடு போகத் தொடங்கினாள். அந்த வீட்டுக்காரி படலையைத் திறக்கும்வரை வெளியே நிற்பாள். அவள் அப்படி நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பங்குனியில் மன்னார்ப் பக்கமாகக் கப்பலிலும் ரயிலிலும் பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சர்க்கார் அதிகாரி. மற்றவர் தஞ்சாவூர்ப் பக்கத்து எஞ்சினியர், வயதானவர், மெலிந்தவர். சங்கத் தலைவர் புகையிலை வியாபாரி. தன் காரில் அவர்களைக் கூட்டிவந்தார். கரையேறும் இடத்தைக் காட்டினோம். பிறகு அக்காவின் தோட்டத்துக்கு வந்தோம். இஞ்சின் ஓடியது. தண்ணீர் வாய்க்கால் நிறையப் போனது. இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நான் எழுதிய கணக்கைப் பெரியவர் வாங்கிப் படித்து, "ரொம்ப நன்னா எழுதியிருக்கேள்," என்றார்.

மத்தியானச் சாப்பாடு அக்கா வீட்டில். பருப்புக்கும் குடிக்கவும் அயல் கிணற்றுத் தண்ணீர். சாப்பிட்டு எழுந்ததும் பெரியவர் நேரே பம்பின் வாயடிக்குப் போய்க் கை கழுவினார். இரண்டு கையாலும் ஏந்தி வாய் கொப்பளித்தார். கொப்பளித்துத் துப்பிவிட்டு அப்படியே நின்றார்.

"ஏன் சார், தண்ணி கரிக்கறதே."

"கடல் கிட்டத்தானே," என்றார் சங்கத் தலைவர். "வெய்யிலுக்கு இப்பிடித்தான். மழையோடை சரிவந்திடும்."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கதானே கணக்கெல்லாம் எழுதறேள். ஆரம்பத்திலேர்ந்தே இப்படியா?"

எஞ்சினியர் நிலத்தைப் பார்த்தார். அக்கா அடுப்படி வாசலில் நின்றாள்.

"இல்லை. இஞ்சின் பூட்டேக்கை நல்ல தண்ணி."

"பரீட்சை பண்ணிப் பார்த்தேளா?"

"ஒவ்வொரு கிழமையும். கூடிக்கொண்டு வருகுது."

"பயிருக்கு இவ்வளவு ஜலம் வேண்டாமே. ஏன் சாயந்தரம் வரைக்கும் ஓட்டறா?"

முறையைப் பற்றிச் சொன்னேன். உறுதியில் எழுதியிருப்பதைச் சொன்னேன். இந்த ஊர்க் கிணறுகளில் பெரும்பாலானவை இப்படிப் பங்குக் கிணறுகள்தானா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து கொக்குவிலில் இறங்கும்போது எஞ்சினியர், "நீர் பொய் சொல்லியிருக்கவேணுமெண்டு நான் நினைக்கேல்லை," என்றார். வாக்குக் கொடுத்தபடி மறுநாளே லொறி அனுப்பி இஞ்சினை எடுப்பித்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் மரியாதையாக இருந்தது. கிணறுகள் கெடாதபடி பம்பு ஓடும் நேரத்துக்கு ஒரு எல்லை வேண்டும் என்றார்கள். பகல் முழுவதும் இவ்வளவு மின்சாரம் வாங்கப்படும் என்ற உத்தரவாதமும் வேண்டும் என்றார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க ஒருவராலும் முடியாது. சங்கம் இரண்டு தடவை கூடியது, பிறகு கூடவில்லை. அதற்குப் பிறகு யுத்தம் வந்து கடலே மூடிவிட்டது. இப்போது நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் பாடசாலையில் மண்ணெண்ணெய் விளக்குத்தான்.

இஞ்சினைக் கழற்றிய அடுத்த மாதம், சித்திரையில், புகையிலையை வெட்டினார்கள். இலை தடிப்பாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சங்கத் தலைவர் தம் வழக்கப்படி ஒரு இலையைச் சுருட்டிப் பற்றவைத்துப் பார்த்தார். அது அணைந்தது. மறுபடி பற்றவைத்தார். மறுபடி அணைந்தது.

"உப்புத் தண்ணிப் போயிலை," என்று அத்தானிடம் சொன்னார். "இதை ஆர் சுத்துவினம்?"

அவர் அதை வாங்கவில்லை. வேறு யாரும் வாங்கவில்லை. மழையோடு சரிவந்துவிடும் என்று பம்படியில் நின்று சொன்னவரும் அவர்தான்.

ஊரில் என்னோடு கதைப்பவர்கள் குறைந்தார்கள். அம்மான் என்னைக் கண்டால் மற்றவர்களுக்குக் கேட்கும்படி, "வாய் திறவாமல் நிண்டிருந்தால் கரண்டெண்டாலும் வந்திருக்கும். இப்ப அதுகும் இல்லை, தண்ணியும் இல்லை," என்பார். அக்கா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் உலர்ந்த பாத்திகளுக்கு நடுவே நின்று, "அவர் கேட்ட கேள்விக்குத்தானே நீ சொன்னனீ," என்றாள். அது எனக்காகச் சொன்னதா, தனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை.

எல்லோரும் மாரியைப் பார்த்திருந்தார்கள். மழை நன்றாகவே பெய்தது. கிணறு மேல் படிவரை நிறைந்தது. அத்தான் துலாவை மறுபடி பூட்டினார். ஒரு குவளை தண்ணீர் அள்ளி அக்காவிடம் கொடுத்தார். அவள் குடித்துவிட்டுக் குவளையைப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். நல்ல தண்ணீர். அன்று நானும் குடித்தேன். மூன்று பங்குக்காரரும் புதுக் கன்று நட்டார்கள். மூன்று பேரும் தத்தம் முறையில் பொழுது படும்வரை துலாவில் இறைத்தார்கள். மேலே நின்ற மழை நீர் தை முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. அடியில் ஏறியிருந்த உப்பு அங்கேயே இருந்தது. நான் கரைசலைக் கொண்டுபோனேன். அக்கா வேண்டாமென்று கையைக் காட்டினாள். இலை ஓரத்தைப் பார்த்து அவளுக்கே தெரிந்திருந்தது.

அந்த வருஷம் அத்தான் வன்னியில் குளத்தடியில் சர்க்கார் கொடுத்த காணி ஒன்றுக்கு எழுதிப் போட்டார். கிடைத்தது. காடு, மலேரியா, ஆனால் வாய்க்கால் தண்ணீர். புறப்படும் நாளில் ஐயாவும் நானும் போயிருந்தோம். வண்டியில் ஏற்றியவை: இரண்டு பெட்டி, ஆட்டுக்கல், உரல், பாய்கள், மண்வெட்டிகள், ஒரு சாக்கு நெல், குயினைன் போத்தல். பிள்ளைகள் சாக்கின்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். அண்ணை ஏற்கெனவே கொழும்பில் ஒரு கடையில் சேர்ந்துவிட்டார். தன் முறைக்கு ஒருவரையும் வைக்கவில்லை.

"உங்கடை முறைக்கு ஆள் விடேல்லையோ?" என்று ஐயா அத்தானைக் கேட்டார்.

அத்தானுக்கு முன் அக்கா பேசினாள். "வேண்டாம். உரித்துப் போனால் போகட்டும்."

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டாள். "எனக்கொருக்காச் சொல்லு. பயப்பிடாமல் சொல்லு. உந்தக் கிணறு திரும்பி வருமோ? பிள்ளையள் பெரிசாகேக்கையெண்டாலும்?"

இதை நான் பல தடவை கணக்குப் பார்த்திருந்தேன். திட்டமான பதில் யாரிடமும் இல்லை. ஆனாலும் வழி ஒன்று இருந்தது.

"ஒருத்தரும் அள்ளாமல் விடவேணும். நாலைஞ்சு மாரி. மழைத் தண்ணி மேலை தேங்கித் தேங்கி உப்பைக் கீழை அமத்தும்."

"ஒருத்தருமோ?"

"ஒருத்தரும்."

அக்கா கிணற்றுப் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். அன்று அம்மானின் முறை. கூலிக்கு வந்த ஒருவர் துலாவில் நடந்துகொண்டிருந்தார். கீழே அம்மான் பட்டை பிடித்தார். அவருடைய தோட்டத்திலும் அந்த வருஷம் ஒன்றும் மிஞ்சவில்லை. உப்புத் தண்ணீர் வாய்க்காலால் வெறுந்தரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அவருக்குச் சொன்னனியோ?"

"சொன்னனான்."

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். வண்டியின் பின்னால் ஏறிப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். அத்தான் மாடுகளைத் தட்டினார். வண்டி ஒழுங்கையில் திரும்பி மறைந்த பிறகும் பட்டை சரிகிற சத்தம் கேட்டது. பொழுதுபட இன்னும் நேரம் இருந்தது.